லயமும் லாயமும்: மலையகத்துக் குதிரைகளும் எங்கள் வீட்டுப் பெண்களும்

நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்தினர் கேட்டதும், பல நாடுகளில் சிதறியிருக்கும் எங்கள் வகுப்புத் தோழியர் தொலைபேசியில் கூடிப் பேசினோம். தேயிலையைப் பற்றியும் புகையிரதத்தைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். எங்கள் பேச்சு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் நுவரெலியாவில் நாங்கள் கண்ட ஒரு மட்டக்குதிரையில் வந்து நின்றது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பாடசாலைச் சுற்றுலா போனோம். விடியற்காலையில் வட்டவளை மழையில் நனைந்துகொண்டே பஸ் ஏறி, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியா சேர்ந்தபோது நல்ல வெயில். ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் ஊரிலிருந்து வந்த எங்களுக்கு அந்த வெயிலே ஒரு திருவிழா. குதிரைப் பந்தயத் திடலின் ஓரத்தில் சிலர் மட்டக்குதிரைகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காசு கொடுத்தால் ஏற்றி ஒரு சுற்று நடத்திக் கொண்டு வருவார்கள். "பொம்பளப் புள்ளைங்களுக்கு என்னத்துக்குக் குதிர?" என்று அங்கே நின்ற பெரியவர் ஒருவர் முணுமுணுத்தார். ஆசை இருந்தும் நாங்கள் தயங்கி நின்றோம்.

அப்போது லொறி ஒன்று உரக்க ஹோர்ன் அடித்தது. குதிரைகளில் ஒன்று மிரண்டு தலையை உதறிப் பின்வாங்கியது. எல்லோரும் சிதறி ஓடினோம். ஒருத்தி மட்டும் ஓடவில்லை. குதிரைக்கு நேர் முன்னாலும் போகாமல், பின்னாலும் போகாமல், பக்கவாட்டில் மெல்ல நடந்து அதன் தோளருகே நின்று ஏதோ பேசிக்கொண்டே உள்ளங்கையை அதன் கழுத்தில் வைத்தாள். குதிரை அடங்கியது. குதிரைக்காரர் வியந்துபோய், "யாரும்மா ஒனக்குச் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். "எங்க அப்பாயி" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

தலையை ஏன் குனிந்தாள் என்பது எங்களுக்குத் தெரியும். தோட்டத்தில் அவர்கள் குடும்பத்துக்குக் 'குதிரைக்கார வீடு' என்று பெயர். அந்தத் தோட்டத்தில் கடைசிக் குதிரை போய் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் பெயர் போகவில்லை. வகுப்பில் அவளைக் 'குதிரைக்காரி' என்று கூப்பிட்டுச் சிரிப்பவர்கள் இருந்தார்கள். அவர்களில் நாங்களும் உண்டு. அந்தச் சிரிப்புக்கு ஈடாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

துரை குதிரையில், நாம் கால்நடையில்

குதிரை இலங்கைக்குச் சொந்தமான விலங்கு அன்று. கடல் கடந்து வந்தது. வடக்கே நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்றும் வெட்டவெளியில் மேய்கின்றன. ஒல்லாந்தர் காலத்துக் குதிரைக் கொட்டிலின் இடிபாடுகளை அங்குள்ள மக்கள் 'குதிரை லாயம்' என்றே சொல்கிறார்கள்.

மலையகத்துக்குக் குதிரை வந்தது கோப்பியோடு. காடு வெட்டிக் கோப்பி நட்ட காலத்தில் கண்டிக்கு மேலே புகையிரதம் கிடையாது. நல்ல வீதிகளும் குறைவு. தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கவும், பக்கத்துத் தோட்டத்துக்குப் போகவும், கண்டிக்கு இறங்கவும் துரைமாருக்குக் குதிரைதான் கால். அதே காலத்தில் எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். குதிரையும் நம்மவரும் கப்பலில்தான் வந்தார்கள், மலையும் ஏறினார்கள். ஆனால் குதிரைக்கு என்ன விலை, அது எந்த இனம், என்ன பெயர் என்று எழுதி வைத்தவர்கள் அதைப் பிடித்து நடத்தி வந்தவரின் பெயரை எழுதவில்லை.

நுவரெலியாவில் குடியேற்றம் ஒன்றை அமைக்க 1848இல் இங்கிலாந்திலிருந்து ஆட்களோடும் கால்நடைகளோடும் வந்த சாமுவேல் பேக்கர், தம் அனுபவங்களைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். அதில் வரும் ஒரு சம்பவம் எங்களைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தது. அவர் சீமையிலிருந்தே கூட்டிவந்த பெர்க்ஸ் என்ற குதிரைக்காரர், குடிபோதையில் வண்டியையும் குதிரைகளையும் ரம்பொடை வழியில் பள்ளத்தில் உருட்டிவிட்டார். பிறகு உதவிக்கு அனுப்பிய யானையையும் கண்மண் தெரியாமல் ஓட்டிச் சாகடித்தார். அந்த மனிதரின் பெயர் நூற்றெழுபது ஆண்டுகளாகப் புத்தகத்தில் நிலைத்து நிற்கிறது. வழுக்கும் மலைப்பாதையில் விபத்தில்லாமல் வாழ்நாள் முழுக்கக் குதிரைகளைக் காத்தவர்களின் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை.

குதிரைக்காரரும் புல்லுக்காரியும்

துரைமாரின் லாயங்களில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். இந்த ஏற்பாடு சென்னையிலிருந்து வந்தது. 1830களில் சென்னையில் வாழ்ந்த ஜூலியா மெயிட்லன்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி தம் கடிதங்களில், ஒவ்வொரு குதிரைக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வேலைக்கு இருப்பதையும், குதிரைக்குப் புல் அறுப்பது அந்தப் பெண்ணின் வேலை என்பதையும் வேடிக்கையாகக் குறிப்பிட்டிருக்கிறார். ஆண் குதிரைக்காரன், பெண் புல்லுக்காரி. பெரும்பாலும் கணவனும் மனைவியுமாக இருப்பார்கள்.

அவர்களுடைய வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து கொட்டிலைக் கூட்டி, ஈரமான வைக்கோலை அள்ளிப் போட வேண்டும். குதிரையின் உடம்பைத் தேய்த்துவிட வேண்டும். நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்து, லாடத்துக்குள் சிக்கிய கல்லை எடுக்க வேண்டும். கொள்ளை ஊறவைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். சேணத்தைப் பூட்டி, வயிற்றுக் கச்சையை இறுக்கி, அங்கவடியின் நீளத்தைச் சரிபார்க்க வேண்டும். துரை ஏறிப் புறப்பட்டால் குதிரைக்காரர் பின்னாலேயே ஓட வேண்டும். துரை எங்கே இறங்குகிறாரோ அங்கே கடிவாளத்தைப் பிடித்துக்கொள்ள அவர் அங்கே இருந்தாக வேண்டும். திரும்பி வந்ததும் வியர்த்த குதிரையை மெல்ல நடத்தி ஆறவைத்த பிறகே அவர் தன் காம்பராவுக்குப் போகலாம். வட்டவளை போன்ற ஊரில் இதையெல்லாம் மழையிலும் சேற்றிலும் அட்டைக்கடியிலும் செய்தார்கள்.

எங்கள் தோழியின் கொள்ளுத்தாத்தா அப்படி ஓடியவர். கலியாணமாகி அந்த வீட்டுக்கு வந்த அவளுடைய அப்பாயி, மாமனார் பார்த்த குதிரைக்குப் புல் அறுத்தவர். துரையின் பங்களாவுக்குப் பக்கத்தில் லாயம், பள்ளத்தில் லயம். இரண்டுக்கும் எழுத்தில் ஒரு கால்தான் வித்தியாசம். அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்கியதாக அப்பாயி சொல்வாராம். "குதிரைக்குப் பின்னாடி போகாத. அதுக்குத் தெரியாம தொடாத. தோளுப் பக்கமா நின்னு பேசிக்கிட்டே கைய வை" என்பது அவர் பேத்திக்குச் சொன்ன பாடம். குதிரையைக் கண்ணால் கண்டிராத பேத்திக்குச் சொல்லியிருக்கிறார்!

மருத்துவம் படித்த பிறகுதான் அந்தப் பாடத்தின் அருமை எங்களுக்கு விளங்கியது. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் அது பக்கவாட்டில் நிறையப் பார்க்கும். நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் இருப்பது அதற்குத் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து கை வந்தால் உதைக்கும் அல்லது ஓடும். தீனியைச் சிறுகக் கொடுப்பதற்கும் காரணம் உண்டு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் தங்கியது தங்கியதுதான். வயிற்றுவலி அதன் உயிரையே எடுத்துவிடும். இந்தக் காரணங்களைப் புத்தகத்தில் படிக்காமலேயே அப்பாயியின் மாமனார் அறிந்திருந்தார்.

இந்த அறிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு சான்று தருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் அரபுக் கரையிலிருந்து பெருந்தொகையான குதிரைகளை வாங்குவதையும், முறையாகப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் அவற்றில் பெரும்பாலானவை மாண்டுபோவதையும் எழுதியிருக்கிறார். பணம் கொடுத்தால் குதிரை கிடைக்கும். குதிரை தெரிந்த மனிதரை உருவாக்கப் பல தலைமுறை வேண்டும்.

லாயம் மூடப்பட்டது

புகையிரதம் 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும் வந்தது. பிறகு கல்பொட, வட்டவளை, ரொசல்லை எனச் சரிவுகளை வெட்டிக்கொண்டு ஏறி 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. நெடுந்தூரப் பயணத்துக்குக் குதிரை தேவையில்லை என்றாயிற்று. தோட்டத்துக்குள் சுற்றவும் புகையிரத நிலையத்துக்குப் போய்வரவும் மட்டும் அது மிஞ்சியது. இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டி வந்தது. சின்னத்துரைமாருக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. லாயங்கள் ஒவ்வொன்றாகக் கார் கொட்டகைகளாயின. குதிரைக்காரரின் மகன் மலைவேலைக்குப் பிரட்டில் பேர் கொடுத்தான். புல்லுக்காரியின் மகள் கொழுந்துக் கூடையைத் தூக்கினாள்.

நுவரெலியாவில் மட்டும் குதிரை நின்றது. அங்கே 1875இல் தொடங்கிய பந்தயத் திடலும், சித்திரை மாதத்து வசந்தகாலக் கொண்டாட்டமும் அதைக் காப்பாற்றின. கொழும்பில் 1956இல் பந்தயம் நிறுத்தப்பட்டது. மலைநாட்டில் இடைக்காலத்தில் நின்றுபோன பந்தயம் பிறகு திரும்பவும் உயிர்பெற்றது. ஆளுநர் கிண்ணப் பந்தயத்தைப் பார்க்க இன்றும் சித்திரையில் ஆயிரக்கணக்கில் சனம் கூடுகிறது. அந்தக் கூட்டத்தில் எங்கள் தோட்டங்களிலிருந்து லொறியிலும் பஸ்ஸிலும் வந்தவர்கள் நிறையப் பேர். வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள்.

ஆக, நூறு ஆண்டுக்கு மேல் குதிரையோடு வாழ்ந்த ஒரு சமூகம், குதிரையின் முதுகில் ஏறாமலேயே அதை விட்டுப் பிரிந்தது. இதுதான் எங்கள் மனதை உறுத்துகிறது. நமக்குக் குதிரை தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்ததற்குப் பெயரும் சம்பளமும் மரியாதையும் கிடைக்கவில்லை. அதனால் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்ற எண்ணமும் வரவில்லை.

சவாரிக்காரர் எப்படி உருவாகிறார்

பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? சென்னையைப் பாருங்கள். இந்தியாவின் முதல் தொழில்முறைப் பெண் ஜொக்கி என்று அறியப்படும் ரூபா சிங் அந்த நகரத்துப் பெண். அவருடைய பாட்டனார் ஆங்கிலேயரின் படைக் குதிரைகளைப் பழக்கியவர். தந்தையும் குதிரை பழக்குபவர். நடக்கப் பழகிய கொஞ்ச நாளிலேயே குதிரையில் உட்காரப் பழகிய அந்தப் பேத்தி, ஆண்கள் மட்டுமே ஓடிய பந்தயங்களில் இறங்கி, நூற்றுக்கணக்கான வெற்றிகளைப் பெற்றார். பாட்டனின் கொட்டிலிலிருந்து பேத்தியின் சேணம் வரை ஓர் இழை அறுபடாமல் வந்திருக்கிறது. எங்கள் மலையில் அந்த இழை பாதியில் அறுந்தது.

குதிரைச் சவாரி பிறவித் திறமை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அதற்கு மூன்று தேவை: பழகிய குதிரை, பொறுமையான ஆசிரியர், ஏறலாம் என்ற அனுமதி. குதிரை பழக்குபவரைப் பழந்தமிழில் வாதுவர் என்றார்கள். கிரேக்க நாட்டுச் செனபன் ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் குதிரைப் பயிற்சி பற்றி நூல் எழுதியவர். கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்பது அவருடைய முக்கியமான புத்திமதி. கோபத்தில் செய்ததற்குப் பிறகு வருந்த நேரும் என்கிறார். வகுப்பறைக்கும் பொருந்தும் புத்திமதி அது.

நல்ல பயிற்சிக்கூடத்தில் முதல் நாளே ஓடவிட மாட்டார்கள். முதலில் கொட்டில் வேலை, குளம்பு பார்த்தல், சேணம் பூட்டுதல். பிறகு ஆசிரியர் வட்டத்தின் நடுவில் நின்று நீண்ட கயிற்றில் குதிரையைச் சுற்றிவரச் செய்வார். மாணவி கடிவாளமும் அங்கவடியும் இல்லாமல் அதன்மேல் உட்கார்ந்து, கையை விரித்து, உடம்பின் சமநிலையை மட்டும் பழகுவாள். நடை, துள்ளு நடை, பாய்ச்சல் என்று ஒவ்வொன்றிலும் குதிரையின் முதுகு வேறுவிதமாக அசையும். அந்த அசைவை இடுப்பு வாங்கிக்கொள்ள வேண்டும். தோள் தளர்ந்திருக்க வேண்டும். குதிகால் தாழ்ந்திருக்க வேண்டும். கண் குதிரையின் காதுகளுக்கு நடுவே தூரத்தைப் பார்க்க வேண்டும். கை இழுப்பதற்கல்ல, கேட்பதற்கு. இதெல்லாம் கூடிவரப் பல ஆண்டுகள் ஆகும்.

வியன்னா நகரத்துச் சவாரிப் பள்ளி உலகப் புகழ் பெற்றது. அங்கே மாணவர்கள் கயிற்றில் சுற்றும் பாடத்தையே மாதக்கணக்கில் படிக்கிறார்கள். நான்கு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட அந்தப் பள்ளி பெண்களை முதன்முதலாக மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டது 2008இல்தான். ஐரோப்பாவிலும் பெண்கள் நெடுங்காலம் இரண்டு கால்களையும் ஒரே பக்கம் போட்டு உட்காரத்தான் அனுமதிக்கப்பட்டார்கள். நுவரெலியாவில் முணுமுணுத்த பெரியவருக்கு உலகமெங்கும் உறவினர் இருந்திருக்கிறார்கள்.

பயிற்றுநராவது இன்னொரு படி. நன்றாக ஓட்டத் தெரிந்தவர் எல்லோரும் நன்றாகக் கற்பிப்பவர் அல்லர். பயிற்றுநர் ஒரே நேரத்தில் இரண்டு உடம்புகளைப் பார்க்க வேண்டும். பயந்த பிள்ளைக்கு எந்தக் குதிரை, துடிப்பான பிள்ளைக்கு எந்தக் குதிரை என்று பொருத்தத் தெரிய வேண்டும். விழுந்த பிள்ளையைத் திட்டாமல் பரிசோதிக்க வேண்டும். அடிபடவில்லை என்று உறுதியான பிறகே திரும்ப ஏற்ற வேண்டும். மருத்துவர்களாகிய நாங்கள் இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும், ஒரு சுற்றுக்குக்கூட, குதிரையில் ஏற்றாதீர்கள். விழுந்து தலையில் அடிபட்ட பிள்ளை மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். கொட்டில் மண்ணில் ஏற்புவலிக் கிருமி இருக்கும். அதற்கான தடுப்பூசி காலாவதியாகாமல் இருக்கட்டும்.

நடக்க முடியாதவர் ஏறினார்

எங்கள் தொழிலுக்கு நெருக்கமான ஒரு பெயரைச் சொல்லாமல் இந்த வரலாறு நிறைவடையாது. டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்டெல், 1944இல், கர்ப்பிணியாக இருந்தபோது இளம்பிள்ளைவாதத்தால் தாக்கப்பட்டார். உயிர் தப்பினார். நல்லபடியாகப் பெண் குழந்தையும் பிறந்தது. ஆனால் முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தன. ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும் என்ற நிலையிலேயே அவர் மீண்டும் குதிரையேறிப் பயிற்சி செய்தார். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களும் ஆண்களோடு குதிரை நடைப் போட்டியில் சேரலாம் என்றானது. அந்த முதல் வாய்ப்பிலேயே வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1956இலும் வெள்ளி. முதற்பரிசு பெற்றவர் கைகொடுத்து அவரை மேடையில் ஏற்றிய காட்சியைப் பலரும் மறக்கவில்லை.

அந்த வெற்றிக்குப் பிறகு ஐரோப்பாவில் ஊனமுற்ற பிள்ளைகளுக்கான சவாரிப் பயிற்சி பரவியது. பிரித்தானியாவில் 1969இல் அதற்கென்றே தேசிய அளவில் ஒரு சங்கம் உருவானது. குதிரை நடக்கும்போது அதன் முதுகு, மேலிருப்பவரின் இடுப்பை மனிதர் நடக்கையில் அசைவதுபோலவே அசைக்கிறது. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரவும் சமநிலை பெறவும் அது துணைசெய்யும். நோயை அது மாற்றிவிடாது. ஆனால் எப்போதும் மற்றவர்களை அண்ணாந்து பார்த்தே பழகிய ஒரு பிள்ளை, ஒருமுறை எல்லோரையும் மேலிருந்து பார்க்கும். அதற்கு மருந்துச்சீட்டில் எழுதக்கூடிய பெயர் எங்களிடம் இல்லை.

எங்கள் தோழி இன்று இங்கிலாந்தில் தாதியாக வேலை செய்கிறாள். மகளைச் சவாரி வகுப்பில் சேர்க்கப் போனவள், முதல் பாடத்தை வேலிக்கு வெளியே நின்று கேட்டாளாம். தோள் பக்கமாகப் போ, பேசிக்கொண்டே தொடு, பின்னால் போகாதே என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு எங்களை அழைத்து, "அப்பாயி சொன்னதத்தான்டி இங்க புத்தகத்துல போட்டிருக்காங்க. அதுக்குப் பரீட்சை வச்சு சான்றிதழும் குடுக்குறாங்க" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று தொலைபேசியில் தெரியவில்லை.

நாற்பதை நெருங்கிய வயதில் அவளும் ஏறிக் கற்றாள். இரண்டு முறை விழுந்தாள். ஒரு தடவை மணிக்கட்டு முறிந்து எங்களிடம் ஏச்சும் வாங்கினாள். குதிரைப் பராமரிப்புத் தேர்வில் முதற் படிகளைத் தாண்டிவிட்டாள். பயிற்றுநர் தேர்வுக்குப் படிக்கிறாள். இப்போது சனிக்கிழமைகளில் ஊனமுற்ற பிள்ளைகளின் வகுப்பில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையோடு நடக்கிறாள். அந்த வகுப்பில் மிகவும் நம்பிக்கையானவரிடம் மட்டுமே கயிற்றைக் கொடுப்பார்களாம். கொள்ளுத்தாத்தா ஓடியதும் குதிரையின் பக்கத்தில்தான்.

நாம் செய்யக்கூடியது

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக் கொடியின் கீழ் முதன்முறையாக ஒருவர் குதிரையேற்றத்தில் பங்குபற்றினார். அவர் மெட்டில்டா கார்ல்சன் என்ற பெண். இந்த நாட்டில் பிறந்து, கைக்குழந்தையாகச் சுவீடனுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவர். இறுதிச் சுற்றுக்கு அவர் தெரிவாகவில்லை. ஆனாலும் 'இலங்கை' என்ற பெயரோடு ஒரு பெண் குதிரையில் வந்ததைத் தொலைக்காட்சியில் கண்டபோது நாங்கள் எழுந்து நின்றோம். கூடவே ஒரு கேள்வியும் எழுந்தது. இங்கேயே வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அந்த வழி எப்போது திறக்கும்?

குதிரைச் சவாரி செலவு மிக்கது. நமது பிள்ளைகளுக்கு அதைவிட அவசரமான தேவைகள் உண்டு. அதை மறுக்கவில்லை. ஆனால் நுவரெலியாவில் குதிரைகள் இருக்கின்றன. ஓடி முடித்த குதிரைகளும், வீதிகளில் அலைந்து இரவில் வாகனங்களில் அடிபடும் மட்டக்குதிரைகளும் இருக்கின்றன. அவற்றைப் பராமரிக்கக் கற்ற இளைஞரும் யுவதியரும், முறையாகத் தேர்வு பெற்ற பயிற்றுநர்களும், விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு சிறு பயிற்சிக்கூடமும் மலையகத்தில் உருவாக இடமுண்டு. சுற்றுலாத் துறையில் வேலை தேடும் நமது மாணவிகளுக்கு அது ஒரு வழியாகலாம். கால்நடை மருத்துவம் படிக்கப் பேராதனைக்குப் போகும் மாணவிகளுக்கும் அது ஒரு களமாகலாம்.

அதற்கு முன்னால் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் இப்படிப் பெயர் கொண்ட வீடுகள் உண்டு. குதிரைக்கார வீடு, தப்பால்கார வீடு, அப்பு வீடு, லாடம் கட்டுபவர் வீடு. அவற்றைக் கேலிப் பெயர்களாக நாங்கள் எண்ணியிருந்தோம். அவை பட்டங்கள். ஒரு வேலையை முழுதாக அறிந்தவர்கள் இங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு நம்மிடம் மிஞ்சியுள்ள ஒரே பதிவேடு அந்தப் பெயர்கள்தான். உங்கள் லயத்திலும் அப்படி ஒரு வீடு இருந்தால், அங்கே இன்னும் ஒரு அப்பாயியோ அம்மாயியோ தாத்தாவோ இருந்தால், அவர் சொல்வதைக் கேட்டு எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அடுத்த மலரில் அவர்களுடைய பெயரும் அச்சேறட்டும்.

எங்கள் தோழிக்கு இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் வாசித்துக் காட்டினோம். தன் பெயரைப் போட வேண்டாம் என்றாள். "அப்ப என்னன்னு போடுறது?" என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்து, "குதிரைக்கார வீட்டுப் புள்ளன்னு போடுங்க" என்றாள்.